தோட்டத்தின் பெயரில் ஒரு சீட்டு

நெரிசல் மிகுந்த ஷுப்ரா பேட்டையில் எங்கள் தெருவில் இன்ஸாஃபின் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் யாரும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்துக் கடையில் போய்க் குத்திக்கொண்டால் இரண்டு நாள் நொண்டுவோம். இவள் குத்தினால் ஊசியை எடுத்த பிறகுதான் எப்போது குத்தினாள் என்று யோசிப்போம். இதற்குக் காசு வாங்க மாட்டாள். கொய்யாப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான்.

கை அவ்வளவு நிதானம் என்பதால் மனதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பார்க்கப் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுகிறவள் அவள். ரியாத்தில் வேலை பார்க்கும் மகன் ஹிஷாம் சொன்ன நேரத்துக்குப் போன் செய்யாவிட்டால், அவனுக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று வரிசையாகப் பட்டியல் போட்டுவிடுவாள். வீட்டுக்காரர் ஸப்ரி இதைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடிப்பார். "அந்த லிஸ்ட்ல பூகம்பத்தை விட்டுட்டே," என்று நினைவுபடுத்துவார்.

அவளுடைய கவலைக்கெல்லாம் அடியில் இருந்த பெரிய கவலை ஸப்ரிதான். முப்பது வருடம் மாவு மில்லில் நின்றவர். எங்கள் எல்லோர் வீட்டு ரொட்டியும் அவர் நுரையீரல் வழியாகப் போய்த்தான் வந்தது என்று சொல்லலாம். இப்போது மாடி ஏறினால் மூச்சு விசில் அடிக்கிறது. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: தினமும் நடக்க வேண்டும், சமதரையில், புகை இல்லாத இடத்தில். ஷுப்ராவில் அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள் என்றால் அந்த டாக்டரே முழிப்பார். நடைபாதை என்று இருப்பதில் கார் நிற்கும், கார் இல்லாத இடத்தில் கடைக்காரன் நாற்காலி போட்டிருப்பான்.

மிஞ்சியிருந்தது ஒரே இடம், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற அத்தித் தோட்டம். அரை ஏக்கர் கூட இருக்காது. நடுவில் தடித்த ஓர் அத்திமரம், ஓரமாகச் சில மரங்கள், இரண்டு இரும்பு பெஞ்சு, சுற்றி வரச் செங்கல் பாதை. ஒரு சுற்றுக்கு நூற்று நாற்பது தப்படி. மாலை நான்கு மணிக்கு வெள்ளைப் பின்னல் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸப்ரி இறங்குவார். இரண்டு சுற்று, பெஞ்சில் கொஞ்ச நேரம், மறுபடி ஒரு சுற்று, மரத்தில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம், அப்படியே போகும். நல்ல நாளில் ஆறு சுற்று வரும். ஆறுக்கு மேல் அவர் போனதே இல்லை. சமையலறை ஜன்னலில் நின்று இன்ஸாஃப் ஒவ்வொன்றையும் எண்ணுவாள். நடந்த நாளில் அவர் இரவு படுத்துத் தூங்குவார். நடக்காத நாளில் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தே விடிய வைப்பார்.

இந்தத் தோட்டத்துக்குத்தான் ஆபத்து வந்தது. முதலில் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு தோட்டக்காரரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். என்ன ஏது என்று கேட்க ஆறேழு பேர் வட்டார அலுவலகத்துக்குப் போனோம். பூங்காக்களைப் பார்க்கும் இன்ஜினியர் ஷவ்கி எங்களை உட்காரச் சொல்லவில்லை, அதற்காகக் கோபமாகவும் பேசவில்லை.

"குழாய் ரிப்பேருக்கே இங்க காசு இல்லை. மரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். "இனிமே யாராவது எடுத்துப் பராமரிக்கணும். காபி கடைக்காரர் ஒருத்தர் தயாரா இருக்கார். வேலி போட்டு, நாற்காலி போட்டு, உள்ள வர டிக்கெட் வைப்பார். உங்களுக்கு வேணும்னா நீங்களே குழுவாப் பதிஞ்சு எடுத்துக்கலாம். ஒரு வருஷத்துக்கு நாப்பதாயிரம் பவுண்டு முன்பணம். அடுத்த வசந்தம் முடியறதுக்குள்ள கட்டினாப் போதும்."

தெருவில் மனு எழுதினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது. அதே ஆட்களிடம் பணம் கேட்டபோது ஆயிரத்து நூற்றைம்பது பவுண்டு சேர்ந்தது. மற்றவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நான் கொடுத்தது ஐம்பது. தோட்டம் நம்முடையது என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வரும், கை வராது.

அப்போதுதான் இன்ஸாஃபுக்கு அந்த யோசனை வந்தது. அவள் பதினைந்து வருடமாகத் தெருவில் சீட்டு நடத்துகிறாள். இருபது பேர், மாதம் ஆளுக்கு இரண்டாயிரம். மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, முறைதான். அந்த ஜூனில் புதுச் சீட்டுத் தொடங்கும்போது ஓர் ஆள் குறைந்தது. எல்லோரும் கூடியிருந்த கூடத்தில், எழுதி வைத்த சொற்பொழிவு மாதிரி, பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும், கல்யாண ஜோடிகள் வந்து போட்டோ எடுக்க இடம் வேண்டும் என்றெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"இருபதாவது பேர் தோட்டம். அதுவும் கட்டும், அதுவும் எடுக்கும்."

கார் எலக்ட்ரீஷியன் முர்ஸி சிரித்தான். "மாசாமாசம் ரெண்டாயிரம் எங்கிருந்து கட்டும்? வேர்ல முடிஞ்சு வெச்சிருக்கா?"

தோட்டத்துக்குள் தேநீர் விற்கும் அவாத் முந்நூறு தருவதாகச் சொல்லியிருந்தான். கல்யாண ஜோடிகளை அழைத்து வரும் போட்டோக்காரர்கள் சேர்ந்து ஐந்நூறு. மூன்று கட்டடங்களின் வாசல் காவலாளிகள் ஆளுக்கு ஐம்பது. மீதியை யார் போடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை, இன்ஸாஃபும் சொல்லவில்லை. அவளுடைய பென்ஷன் தேதி எல்லோருக்கும் தெரியும்.

சொற்பொழிவில் அவள் விட்டது ஸப்ரியின் பெயரை மட்டும்தான். பயம். "சீட்டு நடத்தறவ தன் வீட்டுக்காரர் காலாற நடக்க நம்ம காசுல தோட்டம் வாங்கறா" என்று ஒரு வாய் சொன்னால் போதும், பதினைந்து வருட நம்பிக்கை ஒரே சாயங்காலத்தில் போய்விடும். ஏற்கெனவே, சீட்டு நடத்துகிறவருக்கு முதல் முறை என்ற வழக்கப்படி அவள் முதல் மாதப் பணத்தை எடுத்து ஸப்ரிக்கு ஆக்ஸிஜன் மெஷின் வாங்குவதாக இருந்தாள். ஒரே மனிதனுக்கு இரண்டு முறையா என்றும் கேட்பார்கள்.

மற்ற பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதிச் சூப் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்கள். ஐந்தாவதாகத் தோட்டம் வந்தது, அக்டோபர். ஆறாவது, ஓய்வு பெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர் லபீப், நாங்கள் மரியாதையாக உஸ்தாஸ் என்று கூப்பிடுகிறவர். ஏழு முர்ஸி, எட்டு மருந்துக் கடை நாதிர், ஒன்பது தையல்காரி ஸீனத். தோட்டத்துக்கு அக்டோபர், கெடு வசந்தம். அன்று இன்ஸாஃப் பல மாதங்களுக்குப் பிறகு ஒரே தூக்கத்தில் விடிய வைத்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஸீனத் வந்து கதவைத் தட்டினாள். அழுத முகம். ஹிஷாமின் அம்மா என்ற பொருளில் தெருவில் எல்லோரும் இன்ஸாஃபை உம் ஹிஷாம் என்றுதான் கூப்பிடுவோம்.

"உம் ஹிஷாம், மாப்பிள்ளைக்குக் குவைத்ல வேலை கிடைச்சிருச்சு. கல்யாணத்தை முன்னால இழுத்துட்டாங்க. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் நம்ம பக்கம். இல்லாம எப்படி அனுப்புவேன்? அக்டோபர் சீட்டை எனக்கு விட்டுக் குடு."

எங்கள் சீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல்யாணச் சீர், இல்லையென்றால் ஆபரேஷன், இந்த இரண்டுக்கும் முறையை விட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். மாட்டேன் என்றவரை அடுத்த சீட்டில் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

"அக்டோபர் என்னோடது இல்லையே," என்றாள் இன்ஸாஃப். "தோட்டத்தோடது."

"தோட்டத்துக்கு என்ன, மரம் கோவிச்சுக்கப் போகுதா? வசந்தம் வரைக்கும் டைம் இருக்குன்னு நீதானே சொன்னே. என்னோட பிப்ரவரி முறையை அதுக்குக் குடுத்துடறேன்."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அக்டோபர் முறை ஒரு மனிதருடையதாக இருந்திருந்தால் ஸீனத் அவரிடம் போய்க் கெஞ்சியிருப்பாள், அவரும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு கொடுத்திருப்பார். தோட்டத்துக்கு வாய் இல்லை. அதற்காகச் சரி சொல்லவும் மாட்டேன் சொல்லவும் இன்ஸாஃப்தான் இருந்தாள். பெண்ணைப் பெற்றவள் வாசலில் நிற்கும்போது மரத்தின் சார்பாக மறுப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. சரி என்றாள். ஸீனத் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திய உடனே இன்ஸாஃப் சீட்டு நோட்டை எடுத்து அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அக்டோபர் இருபதாம் தேதி அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. வேறொரு விண்ணப்பம் வந்திருப்பதால் கெடு மாற்றப்பட்டிருக்கிறது, குழு முன்பணத்தை நவம்பர் பத்துக்குள் கட்ட வேண்டும், தவறினால் அடுத்தவருக்கு. வசந்தம் என்று வாயால் சொன்னீர்களே என்று இன்ஸாஃப் ஓடிப்போய்க் கேட்டாள். "வாயால சொன்னதுக்கு முத்திரை உண்டா, அம்மா?" என்றார் இன்ஜினியர் ஷவ்கி. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது என்று அவள் சொன்னாள். வருத்தத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

ஸீனத்தின் வீட்டில் அதற்குள் ஃபிரிட்ஜ் வந்து, அதன் மேல் துணி போர்த்தி, மேலே குர்ஆனும் வைத்தாகிவிட்டது. திருப்பிக் கேட்க முடியாது.

அந்த வாரம்தான் டெல்டா பக்கம் நெல் வைக்கோலைக் கொளுத்தும் புகை ஊருக்குள் இறங்கியது. ஸப்ரி இரண்டு சுற்றோடு திரும்பினார். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "தோட்டத்துல ஒருத்தன் நாடா வெச்சு அளந்துட்டு இருந்தான்," என்றார். "பெஞ்சு பக்கம் அடுப்பு வருமாம். என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னான்."

"நீங்க நகர்ந்தீங்களா?"

"மூச்சு வாங்கிட்டு நகரறேன்னேன். அதுக்குள்ள அவன் அளந்து முடிச்சுட்டான்."

அன்று இரவு முழுக்க ஆக்ஸிஜன் மெஷின் ஓடியது. அதன் சத்தத்தில் இன்ஸாஃப் கண் மூடாமல் படுத்திருந்தாள். தோட்டம் போனால் இவர் நடை போகும், நடை போனால் தூக்கம் போகும், தூக்கம் போனால்? அதற்கு மேல் பட்டியல் போட அவளுக்கே தைரியம் இல்லை. எல்லாவற்றையும் தானே ஒரு "சரி"யில் கொடுத்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

நவம்பர் முறை உஸ்தாஸ் லபீபுடையது. அவரிடம் கேட்க முடியாது. இரண்டு கண்ணிலும் புரை, நவம்பர் மத்தியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். ஆபரேஷனுக்கு மற்றவர்தான் விட்டுக் கொடுக்க வேண்டும், ஆபரேஷன் யாருக்கும் விட்டுக் கொடுக்காது. அதனால் முர்ஸியும் நாதிரும் எங்காவது பணம் புரட்டித் தருவார்களா, பிப்ரவரி முறையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

முர்ஸி காருக்கு அடியில் படுத்திருந்தான். அவனுடைய காலிடம்தான் அவள் பேசினாள்.

"உம் ஹிஷாம், தலையை வேணாக் கேளு, தரேன். பணம் இருந்தா நான் ஏன் சீட்டுல சேர்றேன்?" என்றது கால்.

நாதிர் மருந்துக் கடையில் அவளுக்கு நாற்காலி போட்டு, புதினாத் தேநீர் வரவழைத்து, தோட்டம் இல்லாத தெரு தெருவே இல்லை என்று கால் மணி நேரம் பேசினார். "இன்னொரு மனு எழுதுங்க, முதல் கையெழுத்து நான்," என்றார். தேநீர் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் நான்காம் தேதி அவளுடைய ஊசி முதன்முறையாகத் தவறியது. எனக்குத்தான் ஊசி. இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் லபீப் ஆள் அனுப்பினார், வைட்டமின் ஊசி போட வரச் சொல்லி. அவருடைய வீடு மூன்றாம் மாடி, பால்கனி தோட்டத்துக்கு நேர் மேலே. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். முப்பத்தொரு வருடம் அலெக்ஸாண்ட்ரியா ரயிலில் தலைகளை எண்ணியவர், டிக்கெட் இல்லாத சொந்த மைத்துனரை நடுவழியில் இறக்கிவிட்டவர் என்று பெயர். சட்டம் தெரிந்த மனிதர். தோட்டத்தின் முறையை என்னைக் கேட்காமல் நீ எப்படி மாற்றலாம் என்று கேட்கப் போகிறார் என்று இன்ஸாஃப் படியேறும்போதே பதில் தயார் செய்துகொண்டு போனாள்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லார் வீட்டுக்கும் போனியாமே. என் வீட்டுக்கு ஏன் வரலை?"

"உங்களுக்கு ஆபரேஷன், உஸ்தாஸ்."

"சட்டம் என்ன? ஆபரேஷனுக்கு விட்டுக் குடுக்கணும். சரி. உன் வீட்டுக்காரருக்குக் கீழ நடக்கிறது ஆபரேஷன் இல்லாம என்ன?"

இன்ஸாஃப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அவர் கையைத் துடைத்தாள். "நான் அவருக்காகச் செய்யலை. பிள்ளைங்க விளையாட..."

"விடு. பிள்ளைங்க தெருவுலயும் விளையாடும், கார் மேலயும் விளையாடும். நீ யாருக்காகச் செய்யறேன்னு தெருவுக்கே தெரியும். எங்களுக்குப் பால்கனி இல்லையா, கண்ணு இல்லையா? எனக்குக் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன குளிர்காலத்துல அந்த வெள்ளைத் தொப்பி மூணு சுத்துதான் போகும். நான் எண்ணுவேன். வேற என்ன வேலை எனக்கு? இப்போ பதினொண்ணு. முந்தாநாள் பதினொண்ணு, நேத்து இந்தப் புகையிலயும் பதினொண்ணு. எந்த டாக்டர் கத்தி இதைப் பண்ணும், சொல்லு. என் கண்ணு மூணு மாசம் பொறுக்கும். நவம்பரைத் தோட்டத்துக்கு எடுத்துக்கோ. பிப்ரவரி எனக்கு."

ஊசி அவருடைய கைக்குள் பாதி இறங்கியிருந்தது. இன்ஸாஃப் அப்படியே நின்றாள்.

ஸப்ரி நேற்று நடந்தது இரண்டு சுற்று. ஜன்னலில் நின்று எண்ணியவள் அவள். தோட்டத்தில் வெள்ளைத் தொப்பி இன்னொன்றும் உண்டு, அவாத்துடையது. அவன் நாலு மணிக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகத் தேநீர் கொடுத்துச் சுற்றுவான். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டு தொப்பியும் ஒன்றாகிவிட்டது. அந்தப் பதினொன்றில் ஒன்பது தேநீர்க்காரனுடையது.

சொல்லிவிட வேண்டும். ஒரே வாக்கியம்தான். சொன்னால் இவர் கண் ஆபரேஷனுக்குப் போவார், தோட்டம் காபி கடைக்குப் போகும். நியாயம் எதுவென்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இருபத்தேழு வருடத்தில் ஒரு நோயாளியிடம் கூட அவள் பொய் சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மருந்தை மெதுவாக உள்ளே தள்ளி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"குத்தியாச்சா?" என்றார் லபீப்.

"ஆச்சு," என்றாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி பணம் கட்டியாகிவிட்டது. ஷவ்கி மூன்று இடத்தில் முத்திரை குத்தி, "ஒரு வருஷம்தான், மறந்துடாதீங்க," என்றார். தெருவே ரசீதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. ஸீனத் நாக்கை மடித்துக் குலவையிட்டாள். அவாத் அன்று எல்லோருக்கும் காசு வாங்காமல் தேநீர் கொடுத்தான். இன்ஸாஃப் மட்டும் தன் கோப்பையை ஸீனத் கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறினாள்.

அன்று சாயங்காலம் ஸப்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அவாத்தின் கால் தனக்கு ஒட்டிக்கொண்டதை நினைத்து நினைத்துச் சிரித்து, அது இருமலாகி, இருமல் அடங்கியபின் சொன்னார்.

"உண்மையைச் சொல்லியிருக்கணும், இன்ஸாஃப்."

"தெரியும்."

"சொல்லியிருந்தா நான் உன்மேல கோவப்பட்டிருப்பேன், அதுவும் தெரியும்." தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "பிப்ரவரியில அவருக்குக் கண்ணு தெரியும். அப்போ பால்கனியில உட்கார்ந்து பார்ப்பார். எத்தனை பார்ப்பார்?"

"என்ன பேசறீங்க?"

"பதினொண்ணு பார்க்கணும். அதுக்குத்தானே அவர் குடுத்தார்."

அன்றிலிருந்து இன்ஸாஃபுக்குக் கவலை ஒன்று இரண்டானது. ஸப்ரி யாருக்கோ தவணை கட்டுகிற மாதிரி நடக்கத் தொடங்கினார். மழை நாளிலும் இறங்கினார். நவம்பர் முடிவில் ஆறு. டிசம்பரில் ஏழு. ஏழாவது சுற்றில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவள் ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "செத்துக் கித்துப் போயிட்டா தோட்டம் எதுக்கு?" என்று ஒருநாள் கத்தியே விட்டாள். "பயப்படாதே, பதினொண்ணு முடிக்காம சாக மாட்டேன். அவர் டிக்கெட் கேப்பார்," என்றார் ஸப்ரி.

ஜனவரியில் லபீப் இருட்டுப் படியில் ஒரு படியைத் தவறவிட்டு உருண்டார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்டுவிட்டது இன்ஸாஃப்தான். அவர் அந்தப் படியைத் திட்டினார், கட்டடத்துக்காரரைத் திட்டினார், பல்பு போடாத காவலாளியைத் திட்டினார். தன் கண்ணைத் திட்டவே இல்லை. கட்டைச் சுற்றும்போது இன்ஸாஃப் அவர் முகத்தைப் பார்க்காமல் சுற்றினாள். இந்த வீக்கம் நான் வாயை மூடிக்கொண்டதால் வந்தது என்று நினைத்து அன்றிரவு அவள் அழுதாள். மறுபடி போய்ச் சொல்லிவிடலாம் என்று அவருடைய படிவரை இரண்டு முறை போய்த் திரும்பினாள். இப்போது சொன்னால் அவருக்குக் கண்ணும் வராது, மனதும் கெடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது சமாதானம்தான், நியாயம் இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

பிப்ரவரிப் பணத்தை முதல் வேலையாக லபீப் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியும் நாலு வேளைச் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார். மூன்றாவது வேளை மருந்துக்கு இன்ஸாஃப் போனபோது மணி நாலு. லபீப் நாற்காலியைப் பால்கனியில் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மருந்தை விட்டாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே பார்த்தார்.

அவள் போயிருக்கலாம். மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கீழே ஸப்ரி முதல் சுற்றைத் தொடங்கியிருந்தார். அவாத் தட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தான். இருவரும் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கடந்து போனார்கள்.

லபீப் முன்னால் குனிந்தார். எண்ணினார், உதடு மட்டும் அசைந்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஐந்து, ஆறு வரை போனது. ஸப்ரி பெஞ்சில் உட்கார்ந்தார். அவாத் உட்காரவில்லை.

"வெள்ளைத் தொப்பி ரெண்டு இருக்கே," என்றார் லபீப்.

"ஆமா."

"ஒண்ணு தட்டு தூக்குது."

"அவாத்."

லபீப் திரும்பி அவளைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அன்னைக்குப் பதினொண்ணு இல்லை."

"இல்லை. ரெண்டு," என்றாள் இன்ஸாஃப். "அந்த ஊசி கையில இருக்கும்போதே எனக்குத் தெரியும். சொல்லலை. உங்க கை வீங்கினப்பவும் சொல்லலை. தோட்டம் போயிடும்னு பயந்துட்டேன். அவர் போயிடுவார்னு பயந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி இந்த மனிதர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது, சீட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது என்று அந்த நொடியில் முடிவு செய்துகொண்டாள்.

லபீப் மறுபடி தோட்டத்தைப் பார்த்தார். ஸப்ரி எழுந்துவிட்டிருந்தார். ஏழு. எட்டு. ஒன்பதாவதில் மரத்தின் மேல் கையை ஊன்றி நின்றார், தோள் ஏறி இறங்குவது மூன்றாம் மாடிக்கே தெரிந்தது. அவாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். ஸப்ரி கையாட்டி அவனை அனுப்பிவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, அடுத்த சுற்றைத் தொடங்கினார். பாதியில் ஒருமுறை பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். லபீபுக்கு இப்போது அவர் முகம் தெரிந்திருக்கும்.

"முப்பத்தொரு வருஷத்துல நான் தப்பா எண்ணினது அது ஒண்ணுதான்," என்றார் லபீப் கடைசியில். "தெருவுல சொல்லிடாதே. மானம் போயிடும்."

பிறகு, "பத்து," என்றார். ஸப்ரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், இனி எழ மாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது. லபீப் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

"ஒண்ணு பாக்கி," என்றார். "நாளைக்கு வந்து கட்டச் சொல்லு."

இன்ஸாஃப் மருந்து பாட்டிலின் மூடியைத் திருகினாள். நாளைக்கும் மூன்றாவது வேளைச் சொட்டு நாலு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.